முத்திரை வாங்காத டப்பா

சிட்னியின் கெல்லிவில்லில் ஓர் எவர்சில்வர் டப்பா மரியாதையோடு வாழ வேண்டுமென்றால், முத்திரை அங்கிளிடம் ஒரு சுத்தியலடியாவது வாங்கியிருக்க வேண்டும்.

அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், தனிக்கட்டை, நாணயப் பைத்தியம். நடுவில் ஓட்டை போட்ட வெள்ளிக்காசு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கடையில் வாங்கிய நகல்தான். ஆனால் பேருந்து ஓட்டுநரைக்கூட அதன் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

"ஸ்பெயின்காரன்ர காசு தம்பி. அந்தக் காலத்தில இஞ்ச காசுக்குத் தட்டுப்பாடு. கவர்னர் நடுவில துளைச்சு, நியூ சவுத் வேல்ஸ் எண்டு முத்திரை அடிச்சு எங்கட காசாக்கிப்போட்டார். துளைச்செடுத்த துண்டும் காசு, மிச்சமும் காசு!"

அதே வெறியில், யார் வீட்டுச் சாப்பாடு போனாலும் டப்பாவின் அடியில் கெல்லிவில்லுக்கு 'கெ' என்று சுத்தியலால் அடித்துத் திருப்பி அனுப்புவார். புதுப் பாத்திரம் நசுங்கிவிட்டதே என்று முதலில் சண்டைக்குப் போனவர்கள், சமையல் பிடித்தால்தான் அடிக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டதும், விருந்துகளில் டப்பாவைக் கவிழ்த்துக் காட்ட ஆரம்பித்தார்கள்.

எதிர்வீட்டு ரமேஷ் டப்பாவில் மூன்று 'கெ'. அத்தனையும் அவன் வைக்கும் சாம்பாருக்கு. அது சாம்பாரே இல்லை, மஞ்சள் வெந்நீர். என் வத்தக்குழம்போ வாரம் தவறாமல் போய், டப்பா மட்டும் மொழுமொழுவென்று திரும்பி வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஊரிலிருந்து சுண்டை வற்றல் கொண்டுவந்து, சிட்னி ஏர்போர்ட்டில் அதிகாரியிடம் மன்றாடி மீட்டு, அதில் வைத்தும் கொடுத்துப் பார்த்தேன். ஊஹூம்.

"பேசாம ஆணியால நாமளே ஒரு 'கெ' கீறிக்கலாமா?" என்றாள் மனைவி. எனக்கு அந்த யோசனை முந்தின வாரமே வந்துவிட்டது என்பதை நான் சொல்லவில்லை.

பொங்கலன்று ரமேஷ் நான்காவது முத்திரையைக் காட்டினான். நேரே அங்கிள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் என் குழம்பை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"என் குழம்புல என்ன குறை அங்கிள்? அந்த வெந்நீருக்கு நாலு முத்திரை, எனக்கு ஒண்ணுகூடக் கிடையாதா?"

நிமிர்ந்து, புரியாமல் பார்த்தார்.

"என்ன தம்பி கதைக்கிறீர்? பிறத்தியாற்ற காசுக்கெல்லோ முத்திரை. சொந்தக் காசுக்கு ஆரும் அடிப்பினமே?"

கொண்டுபோன சண்டையை என்ன செய்வதென்று தெரியாமல், "அப்பளம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் டப்பாவை அவர் கழுவிக்கூடத் தருவதில்லை. நானே கழுவி, நிரப்பி, கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.