வாண்டாவின் டூ-ஸ்ட்ரோக்கும் என் புனரமைப்புக் குழுவும்

மிச்சிகன் மாநிலத்தில் செத்த இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்தவர்கள் பலர் உண்டு. அந்தப் பணியை முறைப்படி குழு அமைத்து, தீர்மானம் நிறைவேற்றித் தொடங்கியவன் நான் ஒருவன்தான்.

நான் க்ளேட்டன். மாவட்டச் சாலைத் துறையில் பாதுகாப்பு அதிகாரி. ஏணியில் ஏறுவது எப்படி என்று நான் எழுதிய நாற்பத்தொரு பக்கச் சுற்றறிக்கை வெளிவந்த பிறகு எங்கள் துறையில் ஒருவர்கூட ஏணியிலிருந்து விழவில்லை. முழுவதும் படித்து முடிக்காமல் ஏறக்கூடாது என்பது அதன் முதல் விதி.

வண்டி என் மனைவி வாண்டாவுடையது. கல்யாணத்துக்கு முன்பே பழையதாக வாங்கியது. பைக்குக்கு இருப்பதுபோல் கைப்பிடி, கொழுத்த நாலு சக்கரம், இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் என்ஜின். சனிக்கிழமைதோறும் ஏரிக்கரை மணல்மேட்டில் அதை வைத்துக்கொண்டு ஆண்களை முந்தி ஏறுவாள். எங்கள் மகள் பிறந்த வருடம், குடும்பப் பாதுகாப்பு குறித்து ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கலந்துகொண்டவர்கள்: நான், என் அம்மா. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் வாண்டாவால் வர இயலவில்லை. வண்டியைத் ‘தற்காலிகமாக’ நிறுத்திவைப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பதினெட்டு வருடம் அது கொட்டகையில் நீலத் தார்ப்பாயின் கீழ் நின்றது.

சென்ற இலையுதிர்காலத்தில் மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அலுவலகத்தில் என் வயதுக்காரர் ஒருவர் துடுப்புப் படகு வாங்கினார். இன்னொருவர் தாடி வளர்த்தார். எனக்கும் ஏதாவது ஒரு ‘ஆளுமை மேம்பாடு’ தேவைப்பட்டது. பனி உருகியதும் அந்த வண்டியைச் சரிசெய்து நானே ஓட்டுவது என்று அறிவித்தேன்.

வாண்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “நீயா?” என்றாள். பிறகு, “சரி” என்றாள்.

பக்கத்து வீட்டு ஆர்லோ குழுவின் துணைத் தலைவரானார். மாவட்டத்துக்குப் பனி அள்ளும் லாரி ஓட்டுபவர். பனி போனதும் வேலை குறைவு. முதல் மூன்று கூட்டங்களில் குழுவுக்குப் பெயர், சின்னம், சட்டை ஆகியவை இறுதி செய்யப்பட்டன. நான்காவது கூட்டத்தில் தார்ப்பாயை விலக்கினோம். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் ஓர் எலிக் குடும்பம் பல தலைமுறைகளாகக் குடியிருந்தது. டாங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலில் வார்னிஷ் வாசனை அடித்தது.

வாண்டா ஏரிக்கரையில் படகு என்ஜின் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். இதை நான் எந்தக் குறிப்பிலும் பதிவு செய்யவில்லை. அவள் வேலையிலிருந்து வந்ததும் கொட்டகை வாசலில் நின்றாள்.

“கிராங்க் ஆயில் சீல் காஞ்சு போயிருக்கும். காத்தடிச்சு, கசியாம நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் மத்ததத் தொடுங்க.”

“உறுப்பினர் அல்லாதவரின் கருத்து வரவேற்கப்படுகிறது” என்றேன்.

ஆர்லோ என் காதருகே, “அவ சொன்னா சரியா இருக்கும் க்ளேட்” என்றார்.

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு ஆர்லோ.”

நடைமுறைப்படி கார்பரேட்டரைக் கழுவினோம். புது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினோம். பிறகு, இணையத்தில் முகமறியாத அறிஞர் ஒருவரின் பரிந்துரைப்படி, மிளிரும் இரண்டு பெரிய சைலன்சர்களை மாட்டினேன். அவற்றுக்கு ஏற்றபடி கார்பரேட்டரில் பெட்ரோலை அதிகம் விடும் பெரிய ஜெட் போட வேண்டும் என்று அதே அறிஞர் அடுத்த வரியில் எழுதியிருந்தார். நான் அடுத்த வரிக்குப் போகவில்லை.

நாற்பத்தாறாவது உதையில் என்ஜின் பிடித்தது. நீலப் புகை கொட்டகையை நிரப்பியது. என் கண்கள் கலங்கின. புகையும் ஒரு காரணம். கைப்பிடியை விட்ட பிறகும் வேகம் தானாக ஏறிக்கொண்டே போனது.

“ஏன் இப்படிக் கத்துது?” என்றார் ஆர்லோ.

“உற்சாகம்” என்றேன்.

அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுண்ணாம்பு போல வெள்ளை. இத்தனை சுத்தமான பிளக்கைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் ஆர்லோ. அந்தப் பாராட்டைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டேன்.

வாண்டா ஓடி வந்தாள். பிளக்கைக் கையில் வாங்கினாள். “இது காபி நிறத்துல இருக்கணும் க்ளேட். எங்கயோ காத்த இழுக்குது. பெட்ரோலும் பத்தல, அதோட வர்ற ஆயிலும் பத்தல. இப்படியே முறுக்கினா பிஸ்டன் இறுகி சீஸ் ஆயிடும். ஓட்டாத.”

“பரிசீலிக்கிறேன்.”

“பரிசீலிக்க வேண்டாம். ஓட்டாத.”

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு பரிசீலித்தேன். கொட்டகைக்குப் பின்னால் இருந்த வயலில் மூன்றாவது கியர் வரை எல்லாம் சிறப்பாகவே நடந்தது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் முறையாக என் சொந்தச் சுற்றறிக்கைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. முழுதாக முறுக்கினேன். இரும்பு இரும்பைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். பின்சக்கரங்கள் நின்றுவிட்டன, நான் நிற்கவில்லை. ஆர்லோவின் பூசணிப் பாத்திக்கு இட்டிருந்த மாட்டெருவில் இறங்கினேன். வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆர்லோவின் போன் கேட்டு வாண்டா பட்டறை உடையோடு வந்தாள். முதலில் என் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வண்டியருகே மண்டியிட்டு என்ஜின்மேல் கை வைத்தாள். சுட்டது; எடுத்தாள். மறுபடி வைத்தாள். திட்டவில்லை.  

அடுத்த மூன்று வார இறுதிகளும் அவள் கொட்டகையில் இருந்தாள். சிலிண்டரைக் கழற்றி, உருகி ஒட்டிய பிஸ்டனை எனக்குக் காட்டினாள். சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து போர் போட்டுக்கொண்டு வந்து புது பிஸ்டன், புது சீல், பெரிய ஜெட் எல்லாம் போட்டாள். காற்றடித்து, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தாள். நான் ‘ஒளித்துறை’ப் பொறுப்பு வகித்தேன்: இடது கையால் டார்ச் பிடித்தேன்.

“உனக்கு இவ்வளவு ஆசைன்னா இத்தனை வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கலாமே வாண்டா” என்றேன்.

அவள் ஸ்பானரை நிறுத்தவில்லை. “மூணு தடவ கேட்டேன். கூட்டம் போட்டுப் பேசலாம்னு சொன்ன.”

“போட்டோமா?”

“லைட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு.”

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மணல்மேட்டுக்குப் போனோம். அடிவாரத்தில் ஒருமுறை ஓட்டிவந்து பிளக்கைக் கழற்றினாள், காபி நிறம். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தெரியும்படி வண்டியில் உயரக் கம்பம் பொருத்திக் கொடி கட்டி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.  பிறகு அந்தக் கொடி மேட்டின் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இடையில் இரண்டு பேரை முந்தியது. உச்சியில் ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் மறைந்தது. ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவள் பல்லில் எல்லாம் மணல், சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தப்பட்டவர்களில் ஒருவர் பின்னாலேயே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “இது அந்தக் காலத்து வண்டியாச்சே. நானும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், கிளம்பவே மாட்டேங்குது. இதுல என்ன கோளாறு இருந்துச்சு?”

நான் தொண்டையைச் செருமி முன்னால் வந்தேன். அதற்குள் வாண்டா கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:

“ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் பாதுகாத்தாரு.”