மண்சுவர் விழுங்கிய மோதிரம்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல நான் முப்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது ஒரு மண்சுவர்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் மாலதி வீட்டாரோடு கல்வராயன் மலைக்குப் போனோம். அங்கே ஒரு பழைய வீட்டைச் சின்ன மியூசியமாக வைத்திருக்கிறார்கள். மரச்சட்டம் நிறுத்தி, இடையில் மூங்கில் பிளாச்சு கட்டி, மண் பூசிய வீடு. மாலதியின் அப்பா கள்ளக்குறிச்சியில் பெயர்பெற்ற மேஸ்திரி. நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். (வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.)

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொன்னி அக்கா, "இந்தச் சுவரு..." என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அந்தக் காலத்துச் சுவர் மாமா, பாறை மாதிரி! பாருங்க!"

தட்டிக் காட்டினேன். அது போதாதென்று ஒரு குத்து விட்டேன். மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

"அய்யய்யோ, இன்னாங்க இது! கரையான் அரிச்சிக்கினு இருக்குது, தொடாதிங்கன்னு சொல்லத்தான வாயத் தொறந்தேன்!"

இழுத்தேன், வரவில்லை. மூங்கிலுக்கு நடுவில் நிச்சயதார்த்த மோதிரம் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஒரு குடும்பம், நானும் காட்சிப்பொருள் என்று நினைத்தோ என்னவோ, போட்டோ எடுத்தது.

"லேசா இடிச்சா வந்துடும்" என்றார் மாமா.

"இடிக்கிறதா? எலிப்பொந்த அடைக்கவே ஆபீசுக்கு எழுதிப்போட்டுக் காத்துக்கினு இருக்கறேன்!"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். விரிசல் விட்ட கட்டடத்தை அவர் அப்படித்தான் பார்ப்பார். கல்யாணம் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன். மாலதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். (அழுகிறாள் என்று நினைத்து மன்னிப்பு வேறு கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.)

பொன்னி அக்காவிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி ஓட்டைக்குள் ஊற்றினாள்.

"மோதிரத்த உட்டுடுங்க. கை மட்டும் வந்தா போதும், தாலி கட்டணும்."

கை வந்தது. மோதிரம் சுவருக்குள் சரசரவென்று இறங்கும் சத்தத்தை எல்லாரும் கேட்டோம். பிறகு அனுமதி வந்து சுவரைப் பூசியபோதும் தேடினார்களாம். கிடைக்கவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாமா கட்டிய எந்த வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் வரும்:

"மாப்ள வந்துட்டாரு! நாலு பேரு போயி சுவத்த மறைச்சிக்கினு நில்லுங்க!"