கவர் போட மறுத்த சீட்கவர் பாய்

வருகிற கிராக்கியைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் மனிதர் கோயமுத்தூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் இருப்பார். உக்கடத்தில் ஒரு சந்துக்குள் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் சீட்கவர் பாய்தான் அவர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. அந்தச் சந்தில் பூக்காரம்மாவிலிருந்து டிராபிக் போலீஸ்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சீட்கவர் பாய்.

எனக்கு அவர் பழக்கமானது குட்டி யானையால். காட்டு யானை இல்லை, லோடு ஏற்றுகிற சின்ன வண்டி. பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. தோப்பிலிருந்து கொப்பரைக் களத்துக்குக் காய் ஏற்றிப் போக எந்த டிரைவரும் நிலையாக நிற்காததால் நானே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டேன். என் படிப்பு கையெழுத்துப் போடவும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கவும்தான் காணும். ஆனால் காய் ஏற்றிய வண்டியைப் பின்னால் எடுத்துக் களத்துக்குள் விடுவதில் எங்கள் ஊரில் இன்றைக்கும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வண்டியின் சீட் இடுப்பைக் குத்த ஆரம்பித்தபோது புது உறை போடலாம் என்று பாயிடம் போனேன். கழுத்தில் டேப்பு, தலையில் வெள்ளைத் தொப்பி, நெஞ்சு வரைக்கும் தாடி. வண்டியில் ஏறி உட்கார்ந்தார், இப்படி ஆடினார், அப்படி ஆடினார்.

"ஏனுங்க அக்கா, சீட்டு நல்லாத்தான் இருக்குது. உள்ள ஒரு கம்பி எந்திரிச்சு நிக்குது. அதை மடக்கிப்போட்டாப் போதும். கவர் எதுக்குங்க?"

மடக்கினார். காசு வாங்கவில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பொள்ளாச்சிச் சந்தையின் மாட்டுத் தரகர்கள் இவருடைய வியாபாரத்தைப் பார்த்திருந்தால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருப்பார்கள்.

இப்போது குடும்பத்துக்கென்று ஒரு வண்டி வருகிறது அல்லவா, ஜீப் மாதிரி உயரம், கார் மாதிரி ஓட்டம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம். உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒரு தரம். பின்பக்கம் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுத்தை ஒட்டி விற்கிறார்கள். கம்பெனிக்காரன் வைத்த அந்தப் பெயர்கள் பாய்க்கு ஆகாது. அவராகவே பெயர் வைத்திருந்தார். கீழ்த்தர மாடல் 'வெறும் சோறு'. நடுவில் இருப்பது 'குழம்புச் சோறு'. எல்லாம் வைத்து வருவது 'கல்யாணச் சாப்பாடு'. எழுத்துக் கூட்டத் திணறுகிற எனக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று.

வண்டியைப் பார்க்காமலே அவருக்குத் தரம் தெரியும். தையல் மிஷினில் குனிந்தபடியே, தெருவில் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டு, "குழம்புச் சோறு. பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஏசிக் காத்து வரும், ஆனா நடுவுல உக்கார்றவருக்குத் தலை சாய்க்க எதுவுமில்ல" என்பார். நிமிர்ந்து பார்த்தால் சரியாக இருக்கும். ஒரு முறை அப்படிச் சொன்னது தப்பாகப் போனது. விசாரித்ததில் அது கார் கதவே இல்லை, எதிர்க் கடையின் பிரிட்ஜ்.

புது வண்டி சீட்டில் கம்பெனி சுற்றிய பிளாஸ்டிக் காகிதத்தோடு யாராவது வந்தால் அவருக்குக் கண் சிவந்துவிடும். நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழிக்க மனசு வராது. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம், வேர்வையில் முதுகு ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் கிழிக்க மாட்டோம். பாய் யாரையும் கேட்க மாட்டார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே வண்டிக்குள் புகுந்துவிடுவார்.

"பாய், பாய், அது கிடக்கட்டுங்க" என்று வண்டிக்காரர் பதறுவார்.

"ஆஸ்பத்திரியில குழந்தைக்குச் சுத்திக் குடுத்த துணிங்க இது. ஊட்டுக்கு வந்து பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் அதையேவா சுத்தி வெப்பீங்க?"

கல்யாணச் சாப்பாட்டு வண்டியோடு திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். சீட்டு முழுக்க வெல்வெட்டில் இறுக்கமாக உறை வேண்டும் என்றார். பாய் சீட்டின் பக்கவாட்டைத் தடவி, ஒரு சின்னத் துணிச்சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குள்ள காத்துப்பை இருக்குதுங்க. வண்டி எதுலயாச்சும் இடிச்சா இந்த வழியாத்தான் கிழிச்சுட்டு வெளிய வரும். நான் மேல இறுக்கித் தைச்சுட்டா அது எங்கீங்க போகும்?"

"மத்த கடையில தைச்சுத் தர்றாங்களே."

"அப்ப அந்தக் கடைக்காரரையே பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுங்க. அவருக்குந்தான் தெரியட்டும்."

வெல்வெட்காரர் கிளம்பிப் போய்விட்டார். பாய் நிம்மதியாக டீக்குச் சொன்னார்.

மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர் வந்ததுதான் உச்சம். புது வண்டி, பின்னால் எடுக்கும்போது திரையில் ஒன்றும் தெரியவில்லை, ஒரே செவச்செவ என்று இருக்கிறது, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்தார். பாய் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கை, கேமராவின் கண்ணிலேயே தாராளமாக ஒரு பொட்டு வைத்திருந்தது. முன்கண்ணாடியின் மேலே இன்னொரு கேமரா, அதற்கும் ஒரு பொட்டு.

பாய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடக்கமாகச் சொன்னார்: "சாமி உங்களைப் பார்த்துக்குமுங்க. ஆனா நீங்களும் சித்தெ பின்னாடி பார்க்கோணுமில்லீங்க."

இனி என் கதைக்கு வருகிறேன்.

தோப்பு வருமானத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி வாங்குவது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு ஒரே ஓர் ஆசை. என் தங்கை சரசு வால்பாறையில் இருக்கிறாள். அவளைப் பார்க்க இத்தனை காலமும் பஸ்ஸில் போய்த் தலை சுற்றி வாந்தி எடுத்து, துவைத்த துணி மாதிரி அவள் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறேன். ஒரு தடவையாவது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை நானே ஓட்டி ஏற வேண்டும். ஓட்டுகிறவருக்கு வாந்தி வராது என்பது என் கணக்கு. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கணவரிடம் எதைக் கேட்டாலும், "உனக்கு எப்படித் தோணுதோ" என்பார். மகன் செந்தில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வண்டி எது, நிறம் எது, திரை எத்தனை பெரிது என்று எல்லாவற்றையும் அவனே பார்த்து, கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டியாகப் பதிவும் செய்துவிட்டான்.

வண்டி வருவதற்கு முன்னாலேயே உறைக்குச் சொல்லி வைக்கலாம் என்று இருவரும் பாய் கடைக்குப் போனோம். செந்தில் போனில் படத்தைக் காட்டினான்.

பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது அப்பளம் வெச்ச குழம்புச் சோறு."

"அப்படின்னா?"

"நடுத்தர வண்டியிலயே கூரைக் கண்ணாடி வெச்சிருக்காங்க. அப்பளத்தை வெச்சுட்டு ரசத்தைத் தூக்கிட்டாங்க. அதே விலையில அப்பளமில்லாத வண்டி ஒண்ணு இருக்குது. அதுல டிரைவர் சீட்டு மேல கீழ ஏறி எறங்கும். இதுல ஏறாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "வண்டி எங்கீங்க அக்கா நிக்கும்?"

"தோப்புலதானுங்க."

"தென்னை மரத்துக்கு அடியிலயா?"

"ஆமாங்க."

பாய் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தென்னந்தோப்புக்காரங்க கண்ணாடியில கூரை போடறீங்களா?"

செந்தில் சிரித்தான். "மேல திறந்து நின்னு போட்டோ எடுக்கலாமுங்க பாய்."

"அது சன்னலுங்க தம்பி, மொட்டை மாடி இல்ல." அதற்குப் பிறகுதான், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாததை அவர் கேட்டார். "வண்டியை ஓட்டறது யாருங்க?"

"நாந்தான்" என்றான் செந்தில்.

"நான்" என்றேன் நானும், அதே மூச்சில்.

செந்தில் என்னைப் பார்த்தான். "அம்மா, இது குட்டி யானை இல்லம்மா. ரோடு இப்ப எப்படி இருக்குது தெரியுமா? நீ பின்னாடி சொகமா உக்காந்துட்டு வா."

நான் பதில் சொல்வதற்குள் பாய் எழுந்துவிட்டார். சந்தில் வேலைக்கு வந்த இரண்டு வண்டிகள் நின்றிருந்தன. முதலாவது செந்தில் பதிவு செய்த அதே மாதிரி. "ஏறி உக்காருங்க அக்கா." நான் குள்ளம். உட்கார்ந்தேன். பாய் பத்தடி தள்ளிப் போய் நடுச்சந்தில் நின்றுகொண்டார். பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்க, "பரீட்சை நடக்குதுங்க, சித்தெ இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன தெரியுதுங்க?"

"ஸ்டேரிங் தெரியுது. அதுக்கு மேல உங்க தொப்பி தெரியுதுங்க."

"தாடி?"

"இல்லீங்க."

அடுத்த வண்டிக்கு மாற்றினார். "சீட்டுக்கு வலது பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். மேல இழுத்து இழுத்து விடுங்க." இழுத்தேன். சீட்டு என்னைத் தூக்கியது. குடம் நிறைகிற மாதிரி மெல்ல மெல்ல நான் மேலே வருகிறேன்.

"தாடி தெரியுதுங்க."

"இன்னும் அடிங்க."

"சட்டைப் பை. பையில பேனா."

"இன்னும்."

"லுங்கி. நீலக் கரை."

இதற்குள் சந்தே கூடிவிட்டது. பூக்காரம்மா பூவை விட்டுவிட்டு வந்து நின்றாள். ஹார்ன் அடித்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "ஏறுங்க அம்மணி, இன்னொரு இழுப்பு இழுங்க" என்றார். இழுத்தேன்.

"பாய், உங்க செருப்பு தெரியுதுங்க. ஒரு வார் அந்துபோயிருக்குது."

பாய் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். உண்மையாகவே அறுந்துதான் இருந்தது. "பாஸுங்க அக்கா" என்றார்.

செந்தில் விடவில்லை. பதிவை மாற்றினால் வண்டி வர ரொம்பத் தாமதமாகும், கூரைக் கண்ணாடி இல்லாமல் இந்தக் காலத்தில் எவன் வாங்குவான் என்றான். நான் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை. அந்த உயரத்திலிருந்தே சொன்னேன்: "காய் போட்டுச் சம்பாதிச்சது நானு. ஓட்டப்போறதும் நானு. கூரையில ஓட்டை மட்டும் உனக்கு வேணுமா, கண்ணு? சரசு ஊட்டுக்கு இந்த வண்டியை நான் ஓட்டிட்டுத்தான் போறேன்."

ஆசை வாயிலிருந்து வந்துவிட்டது. செந்தில் போனை எடுத்துக்கொண்டு சந்தின் முனைக்குப் போனான், பதிவை மாற்ற.

வண்டி வந்தது. ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூஜை. ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு பின்பக்கம் போனதும் நான் ஓடிப்போய்க் கேமராவை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "சாமி, இந்தக் கண்ணுக்கு மட்டும் பொட்டு வேண்டாமுங்க."

மறுநாள் உறை போடப் பாயிடம் போனேன். அவர் சீட்டுத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"நல்ல துணிங்க. காத்து வாங்கும். எதுக்கு மூடறீங்க? தேஞ்ச பொறவு வாங்க."

"எந்த சீட்டு தேயோணுமுங்க?"

"டிரைவர் சீட்டு. வலது ஓரம். ஏறி எறங்கறப்ப அதுதான் மொதல்ல தேயும். நீங்க தேய்ச்சது தெரியோணும். பொறவு தைக்கிறேன்." கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து இன்னொன்றும் சொன்னார். "மலையில ஏத்தத்துல நின்னுட்டா பதறாதீங்க. பிரேக்குல இருந்து காலை எடுத்தாலும் ரெண்டு மூச்சு வண்டி தானாப் பிடிச்சு நிக்கும். உங்க வண்டியில அது இருக்குது. அதுக்குள்ள காலை மாத்திப்போடுங்க."

வால்பாறை ஏறினோம். கணவர் பின்னால், செந்தில் என் பக்கத்தில். அவன் பக்கம் பிரேக்கே இல்லை, ஆனாலும் வழி முழுக்க மிதித்துக்கொண்டே வந்தான். பாதி மலையில் ஒரு வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. நான் ஏற்றத்திலேயே நிறுத்தினேன். பின்னால் ஒரு லாரி.

"அம்மா, ஹேண்ட்பிரேக், ஹேண்ட்பிரேக்" என்றான் செந்தில்.

"சித்தெ சும்மா இரு சாமி."

எனக்குப் பஸ்ஸின் முன்சக்கரம் தெரிந்தது, ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது, பஸ் என்னைத் தாண்ட எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரிந்தது. பஸ் உரசுகிற மாதிரி வந்து உரசாமல் போனது. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "போங்க அம்மணி, வழி உங்களுதுதான்" என்றார். பிரேக்கை விட்டேன். ஒரு மூச்சு. வண்டி நகரவில்லை. காலை மாற்றி மிதித்தேன். குட்டி யானையில் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று இருந்தது, அப்படி ஏறியது.

அதற்குப் பிறகு செந்தில் மிதிக்கவில்லை. அடுத்த வளைவில் தூங்கியே போனான்.

சரசு வழக்கம் போல வாளியில் தண்ணீரும் கையில் எலுமிச்சம்பழமுமாக வாசலில் நின்றாள், வாந்தி எடுத்து வருகிற அக்காவுக்காக. பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்கதவைத் திறந்து இறங்கினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "நீயா ஓட்டிட்டு வந்தே?" என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அலுக்காமல் ஆமாம் சொன்னேன்.

பிறகு ஒரு காற்று மழையில் தேங்காய் ஒன்று நேராக வண்டிக் கூரையில் விழுந்தது. தகரம் நெளிந்ததோடு சரி. செந்தில் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். பாயிடம் காட்டினேன். "அப்பளமா இருந்தா நொறுங்கியிருக்கும்" என்றார். டிரைவர் சீட்டின் ஓரத்தைத் தடவினார். "இன்னும் தேயலீங்க. இன்னொருக்கா மேல போயிட்டு வாங்க."

இப்படியே நானும் போவேன், அவரும் தடவிப் பார்ப்பார், டீ வரும், தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் சோறும் குழம்பும் வைப்பார், நான் திரும்புவேன்.

போன மாசம் போனபோது சீட்டு ஓரத்தை ஒரு முறை தடவினார். மறுபடியும் தடவினார். துணி மழுங்கிப் பளபளத்திருந்தது. பாய் முகமெல்லாம் சிரிப்பு.

"தேஞ்சிருச்சுங்க அக்கா. நல்லாவே தேஞ்சிருச்சு. வாங்க, இன்னைக்கு அளவெடுத்துப் போடலாம்." கழுத்திலிருந்த டேப்பைக் கையில் எடுத்துவிட்டார். ஒருவருக்கு உறை போடுவதற்கு அவர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு என்னவோ போலிருந்தது. "இன்னும் சித்தெ தேயட்டுங்க பாய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதானுங்க. டீ சொல்லட்டுங்களா?"

சொல்லச் சொன்னேன். அந்தச் சீட்டுக்கு உறை போட்டுவிட்டால், அப்புறம் எதைச் சொல்லிக்கொண்டு நான் அந்தச் சந்துக்குள் வண்டியைத் திருப்புவது?