தாய்மார்களே, யாங் ஆரிஃப்!

நீதிமன்றத்தில் மேடைப்பேச்சும், மேடையில் நீதிமன்ற வாதமும் செய்த மனிதர் இந்தப் பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான். எங்கள் வக்கீல். நீதிபதியை அழைக்கும் 'யாங் ஆரிஃப்' என்ற மலாய்ச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரரிடம் டீ கேட்கும்போதும், "யாங் ஆரிஃப், தே தாரேக் ஒண்ணு, சீனி கொறச்சு!" என்பார். ஊர் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது.

ஈப்போவில் ஒரு கோப்பிக்கடை மாடியில் அவர் அலுவலகம். ஆயர் தாவாரிலிருந்து வேலை தேடி வந்த நான் அங்கே கிளார்க். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். எங்கள் ஊரும் சேர்ந்த அந்தத் தொகுதியில் தேர்தல்தோறும் சுயேச்சையாக நிற்பார், தவறாமல் தோற்பார். தோற்காமல் என்ன செய்வார்? மேடை ஏறியதும் முன்வரிசைக் கிழவர் ஒருவரைச் சாட்சியாக்கிக் குறுக்கு விசாரணை செய்வார். கிழவர் பயந்து எழுந்து போவார்; பின்னாலேயே பாதிக் கூட்டமும் போகும்.

"பாத்தியாம்மா, சாட்சியக் கலைச்சிட்டானுங்க!" என்பார் என்னிடம்.

அவர் பிறந்த அந்தத் தோட்டம் ஒருநாள் கைமாறியது. வாங்கிய நிறுவனம், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னது. வழக்கை இவர் எடுத்தார். வாதம் சூடேறியபோது, மலாயில் பேசிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தி, "தாய்மார்களே!" என்று தமிழில் முழங்கிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

"என்ன சொன்னீர்கள்?" என்றார் நீதிபதி.

வியர்த்துப்போய், "ஈபு-ஈபு, யாங் ஆரிஃப்..." என்று, அம்மாமார்கள் என்பதை மலாயில் விளக்கினார். தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கடைசி வரிசையில் இருந்த தோட்டத்துப் பாக்கியம் அக்கா எழுந்து நின்றார். அடுத்தவரும் நின்றார். அந்த வரிசையே நின்றது. எல்லாருமே லயத்து வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். நீதிபதி வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

சில வாரங்களில் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் புது வீடு. ஆனால் வீடுகள் ஆற்றுக்கு அந்தப்பக்கம். தேர்தலோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், அது அடுத்த தொகுதி லா. ஐசி கார்டுல அட்ரஸ் மாத்துனா ஓட்டும் போயிரும். இந்தத் தடவ நீங்க ஜெயிக்கறதே இவங்க ஓட்டுலதான். இந்தப் பக்கமே வீடு கேப்போமே?"

"கேட்டா இன்னும் நாலு வருசம் இழுப்பான். அங்க பைப்புத் தண்ணி இருக்கா?"

"இருக்கு சார்."

"வீட்டுக்குள்ளயே கக்கூஸ்?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா ஓட்டு?"

கையெழுத்துப் போட்டுவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தேர்தலிலும் தோற்றார். மறுநாள் பாக்கியம் அக்கா பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்து அழுதார்.

"சீட்டுல ஒங்க பேரு இல்லண்ணே. எவனுக்கோ ஓட்டுப் போட்டுட்டு வந்தோம்."

"அவன்கிட்ட ரோட்டு லைட் கேளு, விடாத!" என்று சத்தமாகச் சிரித்தார். அதுதான் அவர் கடைசித் தேர்தல். அடுத்த ஆண்டே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் இல்லாத இந்தத் தேர்தலில், ஊருக்குப் போய் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனேன். அவர் பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.