அக்காவுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

அக்கா கல்யாணத்தில் சொதப்பிய தங்கைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தாலியை எடுத்து வைத்த இடத்தை மறந்தவர்கள் உண்டு. பந்தியில் சம்பந்தி வேட்டியில் ரசம் ஊற்றியவர்கள் உண்டு. ஆனால் பூமியிலேயே இல்லாத ஒரு ஆளை மாப்பிள்ளை என்று அறிவித்து, முந்நூற்று நாற்பது பேரைக் கல்யாணத்துக்கு அழைத்தவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

அப்போது நான் இன்ஜினியரிங் முடித்து எட்டு மாதம். வேலை கிடைக்கவில்லை. 'கம்ப்யூட்டர் படிச்ச புள்ள' என்ற பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரை வைத்து, தெருவில் மூன்று பேருக்கு ஆதார் கார்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் (அதிலும் ஒன்று தலைகீழாக வந்தது). இந்த நிலையில்தான் பொன்செல்வி அக்காவுக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் சண்முகவேல். தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். அவருடைய அப்பாவுக்கு ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால். நிச்சயதாம்பூலம் முடிந்து வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கார்டெல்லாம் பழசு. நானே வெப்சைட் போட்டு எல்லாருக்கும் வாட்ஸ்அப்புல அழைப்பு அனுப்புதேன்" என்று வீட்டில் சவால் விட்டேன். கல்யாண அழைப்புக்கென்றே இணையத்தில் ஒரு செயலி இருந்தது. ஓப்பன் சோர்ஸ். அதாவது, எங்கெங்கோ இருக்கிற நாலு நல்லவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தது. திருத்த வேண்டுமானால் முதலில் அதை நம் கம்ப்யூட்டரில் ஓட வைக்க வேண்டும். 'பத்தே நிமிடத்தில் தயார்' என்று அதன் வழிகாட்டிப் பக்கத்தில் போட்டிருந்தது.

நாலு நாள் ஆயிற்று.

ஒன்றை நிறுவினால் அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்றை நிறுவினால், இது புதுசு, எனக்குப் பழசுதான் வேண்டும் என்றது. பழசைப் போட்டால், முதலில் போட்டது கோபித்துக்கொண்டு ஓடவே மாட்டேன் என்றது. (சம்பந்தி வீட்டைச் சமாளிப்பது இதைவிடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு நாலாம் நாள் மதியம்வரை நீடித்தது.)

மூன்றாம் நாள், 'போர்ட் மூவாயிரம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று திரையில் வந்தது. "சே, போர்ட் பிஸியா இருக்காம்" என்று சத்தமாகவே அலுத்துக்கொண்டேன். பக்கத்தில் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். படகுக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர் அவர்.

"பிஸியா? எந்தக் கப்பல் வந்திருக்காம்?"

"அந்த போர்ட் இல்லப்பா, இது கம்ப்யூட்டருக்குள்ள உள்ளது. மூவாயிரமாவது போர்ட்."

"மூவாயிரமா! நம்ம ஹார்பர்லயே கப்பல் நிக்க அத்தன பெர்த் கிடையாதே!"

"அதுல ஏற்கெனவே ஒண்ணு நிக்குதுல்லா, அதக் கொன்னுட்டா சரியாயிரும்ப்பா."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இவளுக்குச் சீக்கிரம் ஒரு வேல கிடைக்கணும்" என்றார்.

நாலாம் நாள் கடையிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அழைப்பு அப்பாவின் வாட்ஸ்அப்பிலிருந்துதான் போக வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டு போனால் வியாபாரம் கெடும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அவர் எண்ணை இணைத்தேன். சொந்தக்காரர்கள், வாடிக்கையாளர்கள் பட்டியலையும் ஏற்றினேன். அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது: 'டெவலப்மென்ட்' என்றோ 'புரொடக்‌ஷன்' என்றோ போடலாம். முதலாவதைப் போட்டால் செய்தி யாருக்கும் போகாது, நம் திரையில் மட்டும் தெரியும். இரண்டாவதைப் போட்டால் நிஜமாகவே போய்விடும். இந்த விளக்கம் அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது. நான் அடுத்த வரி படிக்கிற ஆள் இல்லை. புரொடக்‌ஷன் என்பது கெத்தாக இருந்தது, போட்டேன்.

மணமகள் பெயர் என்ற இடத்தில் பொன்செல்வி என்று அடித்தேன். மணமகன் பெயரில்தான் சிக்கல். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது ஆத்தூர் மாமா, எண் கணிதம் பார்க்கிறவர். சண்முகவேலா, சண்முகவேலுவா, சண்முகவேலனா, எதற்குக் கூட்டுத்தொகை நன்றாக வரும் என்று ஒரு வாரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழம சொல்லுதேன், அதுவரைக்கும் எங்கயும் எழுதிராதீய" என்று கட்டளை. அதனால் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டேன். இடம், உடை என்று இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன. அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். காலியாக இருந்தால் போகாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, பார்க்க எப்படி இருக்கும் என்று 'அனுப்பு' பொத்தானை அமுக்கினேன்.

காலியான பெட்டிகளை எல்லாம் அந்தச் செயலி தன்னிடமிருந்த மாதிரி விவரங்களால் நிரப்பிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் பெயர் தெரியாத ஆளுக்கு 'ஜான் டோ' என்று போடுவார்கள், நாம் குப்பன் சுப்பன் என்கிற மாதிரி. திரையில் இப்படி வந்தது: 'எங்கள் அன்பு மகள் பொன்செல்விக்கும் ஜான் டோவுக்கும் திருமணம். இடம்: கடற்கரை. உடை: எளிய கடற்கரை உடை. அனைவரும் வருக.' கீழே, முந்நூற்று நாற்பது பேருக்கும் அனுப்பியாயிற்று என்று பச்சை நிறத்தில்.

லேப்டாப்பை மூடினேன். (மூடினால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன் போல.)

அப்பாவுக்கு வந்த முதல் போன் வேம்பார் பெரியப்பா. ஸ்பீக்கர் தேவையில்லாத குரல்.

"ஏலே தங்கராசு, யாருல அந்த ஜான்? கூடப் பொறந்த அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொன்னியால?"

"எந்த ஜான்ண்ணே?"

"என்னய கேக்க? டோன்னு போட்டிருக்கு. பெர்னாண்டோவத்தான் சுருக்கிட்டாகன்னு ஒன் மைனி சொல்லுதா. நான் பஸ் ஏறிட்டேன்!"

அடுத்தது பெரியதாழை ரபேல் அண்ணாச்சி. அவர் ஊரில் வீட்டுக்கு வீடு பெர்னாண்டோதான். தன் படகுக்கு வருடக்கணக்காக எங்கள் கடையில் கயிறு வாங்குகிறவர்.

"அண்ணாச்சி, ரொம்ப சந்தோசம்! மாப்பிள்ள நம்ம ஆளாமே! எந்தப் பங்கு?"

"பங்கா? கடை முழுக்க என்னுதுதான், யாருக்கும் பங்கு கிடையாதே."

"அது இல்ல அண்ணாச்சி, எந்த மாதா கோயில் பங்குன்னு கேட்டேன். சாமியாரு பேரச் சொல்லுங்க, நான் பேசுதேன். பேண்டு செட்டு நம்ம பொறுப்பு!"

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் தார்ப்பாய்க் கட்டுக்குப் பின்னால் இருந்தேன்.

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆனால் நிச்சயம் ஆன மறுநாளே, ஆபீஸில் தன் நாற்காலியை ஹார்பர் கிரேன் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டவள். அவள் கல்யாணத்தை ஒரே பொத்தானில் முடித்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

இரண்டு மணிக்கு ஆத்தூர் மாமா பைக்கில் வந்து இறங்கினார். ஓட்டி வந்தது மாப்பிள்ளை. மாமா வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு உள்ளே வந்தார். அவர் பாதி வெற்றிலையில் துப்பினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"வெத்தில மாத்துனோம், சரி. மாப்பிள்ளையையும் மாத்திட்டியளாமே?"

அப்பா தார்ப்பாய்க் கட்டைக் கை காட்டினார். நான் வெளியே வந்தேன். டெவலப்மென்ட், புரொடக்‌ஷன், அமைப்புக் கோப்பு என்று தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். மாமா முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"ஜான் டோன்னு ஆளே கிடையாது மாமா. இல்லாத ஆளுக்கு வைக்கிற பேரு அது."

"இல்லாத ஆளுக்கா எம்மவன் இடத்தக் குடுத்த?"

மாப்பிள்ளை போனில் அந்த அழைப்பை இன்னொரு தடவை படித்தார்.

"எப்பா, பேர எழுதாதன்னு நீங்கதான சொன்னிய? சீட்டு காலியா கிடந்தா எவனாவது வந்து துண்டு போடத்தான் செய்வான்."

மாமா மகனை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"அப்ப சண்முகவேல்னே போட்டுரு தாயி. கூட்டலும் வேண்டாம், கழித்தலும் வேண்டாம். நான் இன்னும் கூட்டிக்கிட்டு இருந்தா அந்த ஜான் வந்து தாலியே கெட்டிருவான்!"

அப்பா சிரித்த சிரிப்பில் தொங்கிய கயிறெல்லாம் ஆடியது. அதற்குள் அக்கா ஆபீஸிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து, "ஜானுக்கு வர முடியல. நான் வந்திருக்கேன், பரவால்லையா?" என்றார்.

"கடற்கரை உடுப்புல வராம இருந்தாச் சரி" என்றாள் அக்கா. எனக்கு உயிர் வந்தது.

அப்பா பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே திருத்தம் போனது. ஆனாலும் கல்யாணத்தன்று மண்டப வாசலில் 'மணமக்கள் ஜான் டோ – பொன்செல்வி வாழ்க' என்று இருபதடி பிளெக்ஸ் நின்றது. ரபேல் அண்ணாச்சி முதல் அழைப்பைப் பார்த்ததுமே அடிக்கக் கொடுத்துவிட்டாராம். அவிழ்க்கப் போனவர்களை, அன்றைக்கு எனக்கு அத்தானாகிவிட்ட மாப்பிள்ளையே தடுத்துவிட்டார். சொன்னபடி பேண்டு செட்டும் வந்தது.

மணமகன் பெயர் காலியாக இருந்தால் செய்தி போகவே கூடாது என்று ஒரு திருத்தம் எழுதி அந்தச் செயலிக்கு அனுப்பினேன். ஜான் டோ நிஜ ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியுமே, இது அவசியமா என்று அதைப் பராமரிக்கிறவர் கேட்டார். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு ஜான் இருக்கிறார்கள் என்று பதில் எழுதினேன். சேர்த்துக்கொண்டார். அதைக் காட்டித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

அக்காவுக்குப் பெண் பிறந்ததும் ஆத்தூர் மாமா பழையபடி எழுத்துக் கூட்ட உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம் பெயர் இல்லை. இந்தத் தடவை துண்டு போட்டது அத்தான். குழந்தையைத் தூக்கி, "ஏளா டோ" என்று கூப்பிட்டார். பிறகு கூட்டுத்தொகை பார்த்து அழகான பெயர்தான் வைத்தார்கள். அது பள்ளிக்கூடத்தில் மட்டும் புழங்குகிறது. வீட்டிலும் தெருவிலும் அவள் டோதான். ரபேல் அண்ணாச்சி கயிறு வாங்க வரும்போதெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அப்பாவிடம் சொல்வார்:

"நீங்க என்ன சொன்னாலும் சரி அண்ணாச்சி, பெர்னாண்டோவுல பாதி ஒங்க வீட்ல வளருது."