இணைப்பு: ஒன்று

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் உடல்நலத்தோடும், முடிந்தவரை ஒற்றுமையோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குத் தலைவலி கூடியிருக்கிறது. காரணம், போன மாதம் நீங்கள் என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன அந்த மெயில் சாஃப்ட்வேர். இதை ஏன் தாளில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் "சரி மாமா, பாக்கறேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். மெயிலில் எழுதினாலோ கூடவே என்ன போகும் என்று எனக்கே தெரியாது.

அதுதான் விஷயம். நான் அனுப்பாத, அனுப்ப நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு கோப்பு நான் போடும் ஒவ்வொரு மெயிலோடும் ஒட்டிக்கொண்டு போகிறது. எங்கள் அடுப்படிக் குழாய் ஒழுகியபோது பிளம்பருக்குக் காட்ட ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன் அல்லவா, அந்தப் படம். பல் டாக்டருக்கு நேரம் கேட்டு எழுதினேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், "படத்தைப் பார்த்தோம் சார், இது பல் மாதிரித் தெரியலையே, டாக்டரும் பார்த்துட்டார்" என்று பதில் போட்டிருக்கிறாள். என் பழைய மேலதிகாரிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். அவர் நன்றி என்று ஒரு வார்த்தை எழுதாமல், வாஷரை மாற்று என்று ஒரு வரி எழுதினார். இதெல்லாம் கூடப் போகட்டும். என்னோடு இருபது வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர் மனைவியை இழந்து நிற்கிறார், மனசு கனத்துப்போய் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், "உங்கள் வீட்டிலும் கஷ்டம் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், தைரியமாக இருங்கள்" என்று அந்த மனுஷன் எனக்கு ஆறுதல் சொல்கிறார்! நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

நீங்கள் சொன்ன வைத்தியத்தை எல்லாம் செய்தேன் மாப்பிள்ளை. அணைத்துவிட்டுப் போடச் சொன்னீர்கள், போட்டேன். வைரஸாக இருக்கும் என்றீர்கள், நான்கு மணி நேரம் அது உறுமிக்கொண்டே தேடிவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று எனக்கே சான்றிதழ் கொடுத்தது. தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்கே ஒரு மெயில் அனுப்பினார். வழக்கமாக வரும் கேள்விப் பெட்டி வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று அமுக்கினார், மரியாதை தெரியாத ஆள். அவர் மெயிலில் குழாயும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார், உங்க கை ராசி அப்படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பக்கம் தப்பு இருக்குமோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, நான் மெயில் அனுப்பும் முறையை எழுதிவிடுகிறேன். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தவன் நான். இணைப்பு இல்லாத கடிதத்தை எந்த மேசையும் மதிக்காது. அதனால்தான் மெயிலின் அடியில் தானாக வந்து விழும்படி என் பெயர், கண்காணிப்பாளர் (ஓய்வு), அதற்குக் கீழே 'இணைப்பு: ஒன்று' என்று உங்களைப் போடச் சொன்னேன். "எதுக்கு மாமா?" என்றீர்கள். "போடுங்க" என்றேன். இப்போது 'அனுப்பு' என்று அமுக்கியதும் அந்தப் பெட்டி வருகிறது: இணைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், எதுவும் இணைக்கவில்லையே, இணைக்கிறீர்களா? நியாயமான கேள்வி. எங்கள் தபால் பிரிவு குமாஸ்தாவும் தினமும் இதையேதான் கேட்பார். மேசையில் அடுக்கியிருக்கும் கோப்புகளில் மேலாக இருப்பதைத் தூக்கிக் காட்டினால் போதும், தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்துவார். பிரித்துப் பார்த்ததே கிடையாது. அதேபோல நானும் 'ஆம்' என்று அமுக்குவேன். என் கோப்புகள் அகர வரிசையில் வந்து நிற்கும். முதலாவதாக நிற்பதைத் தொட்டுக் காட்டுவேன். காட்டுவதோடு சரி, அனுப்பச் சொன்னதில்லை. பெட்டியும் திருப்தியாகி மூடிக்கொள்ளும். இதைவிட ஒழுங்காக ஒரு மனுஷன் மெயில் அனுப்ப முடியுமா?

கடைசியாக ஐந்தாம் தேதி காலையில் நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்களே, "அந்தப் படத்தையே அழிச்சிடுங்க மாமா, படம் இருந்தாத்தானே போகும்?" என்று. பிரமாதம் என்று உங்களை மெச்சிக்கொண்டே 'அடுப்படிக் குழாய்' என்ற கோப்பை அழித்தேன். அந்த நிம்மதியில், அன்று மத்தியானமே என் அண்ணனுக்கு மெயில் அனுப்பினேன்.

அண்ணனும் நானும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று உங்களிடம் யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருவரும் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் வாங்க இறங்கினேன். வண்டி கிளம்பிவிட்டது. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார். தலைக்கு மேலே சங்கிலி தொங்குகிறது, இழுக்கவில்லை. பாட்டிலும் கையுமாக நான் பிளாட்பாரத்தில் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். அதன் பிறகு அவர் முகத்தில் நான் விழிக்கவில்லை. இப்போது அவருக்கு இதயத்தில் அடைப்பு, பதினான்காம் தேதி ஆபரேஷன். "உங்க வீறாப்பெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல எழுதுங்க" என்றாள் உங்கள் அத்தை. நேரிலும் போனிலும் எனக்கு வாய் வராது. அதற்கு முன்பே நான்கு நாள் உட்கார்ந்து நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். அண்ணா, நான் பேசாமல் இருந்தது தப்பு. என்னை மன்னியுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் உங்களைப் பார்க்க வேண்டும். வரலாமா? அவ்வளவுதான்.

பதில் இல்லை. நேற்று அனுப்பியவற்றைத் திறந்து பார்த்தேன். என் நான்கு வரிக்குப் பக்கத்தில் காகிதத்தில் மாட்டும் கிளிப் போல ஒரு குட்டிப் படம். அமுக்கினேன். குழாய் இல்லை மாப்பிள்ளை. 'அண்ணன்' என்ற கோப்பு.

உங்களிடம் மறைத்து என்ன பயன்? ஆறு வருஷமாக அவர் ஞாபகம் வந்து வயிறு எரியும்போதெல்லாம் வரிசை எண் போட்டு எழுதி வைத்த குறைப் பட்டியல் அது. மொத்தம் நாற்பத்துமூன்று. ஏழாவது, என் கல்யாணத்தன்று என் செருப்பை மாட்டிக்கொண்டு போனது. பத்தொன்பதாவது, நான் எந்தக் கதையைச் சொன்னாலும் முடிவை அவர் முந்திக்கொண்டு சொல்வது. முப்பத்தொன்றாவது, இருமினால்கூட அதிகாரமாக இருமுவது. முதல் எண் சங்கிலி. நாற்பத்துமூன்றாவதும் சங்கிலி, ஒரு தடவை எழுதி எனக்கு ஆறவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் மனுஷனுக்கு, மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லி நாற்பத்துமூன்று குற்றச்சாட்டு அனுப்பியிருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்னிடமிருந்து அவர் கடைசியாகப் படித்தது அதுவாகத்தானே இருக்கும்? குழாய்ப் படம் இருந்திருந்தால் குழாய்தானே போயிருக்கும்? அழிக்கச் சொன்னது யார்? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நீங்கள்தான்.

ஆகவே, இதைக் கண்டதும் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வந்து, அந்தச் சாஃப்ட்வேரை வேரோடு பிடுங்கி எறியவும். அண்ணனுக்குப் போனதைத் திரும்ப இழுக்க வழி இருந்தால் இழுக்கவும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரையே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகவும். என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் சகல சௌபாக்கியத்துடன் நீடூழி வாழ்க என்று, இத்தனைக்குப் பிறகும், மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
கண்காணிப்பாளர் (ஓய்வு)
இணைப்பு: ஒன்று

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், நிற்கட்டும். மேலே எழுதியதை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். முறை எழுதிய இடம் வந்ததும், "அது இணைக்கட்டுமான்னு கேக்குது, நீங்க ஆமாங்கறீங்க, ஒண்ணை எடுத்தும் குடுக்கறீங்க. அப்புறம் அனுப்பாம என்ன பண்ணும்?" என்றாள். அதற்குள் அண்ணனிடமிருந்து மெயில் வந்துவிட்டது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"தம்பி, நாலு நாளா டெஸ்டுன்னு படுக்க வெச்சுட்டாங்க, இன்னிக்குத்தான் பார்த்தேன். உன் நாலு வரியைப் படிச்சதும், யாரோ எழுதிக் குடுத்ததை நீ அனுப்பியிருக்கேன்னு நினைச்சேன். மன்னியுங்கள்னு நீ எந்தக் காலத்துல சொல்லியிருக்கே? பதில் போட வேண்டாம்னுதான் இருந்தேன். உங்க அண்ணிதான் கீழே இன்னும் ஏதோ இருக்குன்னு சொன்னா. படிச்சேன். சத்தியமா நீதான்டா. சிரிச்ச சிரிப்புல நெஞ்சுல ஒட்டின ஒயரெல்லாம் கழண்டு நர்ஸ் ஓடி வந்துட்டா. ஏழாவது தப்பு, அது என் செருப்பு. உன் செருப்பு உன் கால்லதான் இருந்துச்சு. ஒண்ணுக்கும் நாப்பத்துமூணுக்கும் ஒரே பதில்தான். சங்கிலியை இழுத்தேன்டா. துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, அசையவே இல்லை. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ரெண்டு மணி நேரம் உனக்காக நின்னேன். நீ பஸ் பிடிச்சுப் போயிட்டே. வீட்டுக்கு வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே. எனக்கும் ரோஷம், சொல்லலை. பதிமூணாந்தேதியே வந்துடு."

இதோடு அவரும் ஒன்று இணைத்திருக்கிறார். கோப்பின் பெயர் 'தம்பி'. அறுபத்தொரு குறைகள். நாற்பது வரை படித்துவிட்டேன், பெரும்பாலும் பொய். உங்கள் அத்தை பெட்டியை அடுக்கிவிட்டாள், மீதியை ரயிலில் படித்துக்கொள்கிறேன். நீங்கள் லீவு போட வேண்டாம். சாஃப்ட்வேரைத் தொடவே வேண்டாம், அது இல்லாவிட்டால் அந்தக் கோப்பு ஜென்மத்துக்கும் போயிருக்காது.

அண்ணன் மெயிலில் கடைசி வரியை எழுதாமல் விட்டுவிட்டேன்: "தண்ணியை வீட்லேர்ந்தே எடுத்துக்கிட்டு வா. வழியில எங்கேயும் இறங்காதே."