எழுதிக்கோம்மா, எல்லாரும் நல்லாருக்காக

“கூடப் பொறந்தவகன்னுதான் பேரு. ஒருத்தராவது நம்மள எட்டிப் பாக்காகளா?”

காலையில் அடுப்பில் பாலை வைத்ததும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும் ஓர் இனம் நம் பக்கம் உண்டு. ராஜபாளையத்தில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். எங்கள் தெருவில் நான். அந்தக் கூடப்பிறந்தவர்களைத் தான் போய்ப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று இந்த இனம் யோசிக்காது. ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நேற்று ராத்திரிதான் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் மாதிரி பதில் சொல்லும்.

கேட்கவும் வந்தாள் ஒரு பிள்ளை. பெயர் ஜாஸ்மின். சுகாதார சர்வேயாம். கையில் டேப்லெட், முகமெல்லாம் வேர்வை. தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொன்னேன்.

“கூடப் பொறந்தவங்க எத்தனை பேரும்மா?”

“அண்ணன் ஒண்ணு, அக்கா ஒண்ணு.”

“ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களா?”

“இது என்ன கேள்வி? எழுதிக்கோம்மா, எல்லாரும் நல்லாருக்காக.”

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“அதையும் உன் மிஷின் கேக்குதா?”

இல்லையாம். சும்மா கேட்டாளாம். சும்மா கேட்கிற கேள்விதான் குத்தும்.

என் இனத்துக்குச் சான்று ரொம்பத் தேவையில்லை. செத்திருந்தால் சொல்லி விட்டிருப்பார்கள், சொல்லவில்லை, ஆகவே இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பரிபூரணம் அக்கா விஷயத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது, அதையும் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் போனிலிருந்து தினமும் குடும்ப குரூப்பில் ஒரு வேத வசனம் வந்துவிடும். பின்னால் அருவி, ஓரத்தில் புறா. அவள் மகன் பெனின் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள் பாருங்கள், அதிலிருந்து எனக்கும் அவளுக்கும் நடுவே மிச்சம் இருந்தது அந்தப் புறா மட்டும்தான்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி வாயைத் திறந்தாள்.

“ஏசம்மாக்கா, அத அவுகளா போடுதாக? மகன் பெனின்தான் போடுதான். அவுகளுக்குத்தான் கண்ணு தெரியலையே!”

“எவ சொன்னா?”

“நானே பாத்தேன். பொங்கலுக்கு முந்தி ஆஸ்பத்திரியில கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாக.”

“இப்ப எப்படி இருக்கா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கல்ல தங்கச்சி!”

பெனினுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. தேங்காய் பாதியில் கிடக்க, பஸ் ஏறினேன். அரை மணி நேரப் பயணம். ஏதோ கப்பல் ஏறிப் போகிற தூரம் மாதிரி இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். இறங்கிய பதற்றத்தில் வெறுங்கையோடு போகக்கூடாதென்று பால்கோவா வேறு வாங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பால்கோவா வாங்கிய அறிவாளி நான்தான்.

அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் இருந்தாள். இருந்தாள்!

“யாரு?”

“நாந்தான்க்கா. ஏசம்மா.”

“ஏட்டி, நீ இருக்கியா? சர்வேக்கு ஒரு பிள்ள வந்துச்சு. தங்கச்சி செத்துட்டான்னுல்ல சொல்லிட்டேன்!”

“ஏன்க்கா அப்படிச் சொன்ன?”

“நான் என்னட்டி செய்ய? எனக்குக் கண்ணு போயி எம்புட்டு நாளாச்சு. உயிரோட இருந்தா இந்நேரம் வந்திருப்பாள்லன்னு நெனச்சேன்.”

நிஜமாகவே நினைத்தாளா, குத்தினாளா? கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. என் பதில் சரி, ஆனால் புறாவை நம்பிச் சொன்னது. அவள் பதில் தப்பு, ஆனால் யோசித்துச் சொன்னது. எதற்கு மார்க் போடுவீர்கள்?

ஆளுக்குக் கொஞ்சம் அழுதோம், நிறையத் திட்டிக்கொண்டோம். பால்கோவா தீர்ந்த பிறகு வத்திராயிருப்பு அண்ணன் நினைவு வந்தது.

“பால்துரை அண்ணன் எப்படி இருக்கான்க்கா?”

“அவனுக்கென்ன, நல்லாருக்கான்.”

“நீ பாத்தியா?”

“இல்ல. நீ?”

அக்கா எழுந்து செருப்பைக் காலால் துழாவ ஆரம்பித்தாள்.

எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று காலை எந்த அருவிப் படத்துக்கு நீங்கள் கட்டைவிரல் காட்டினீர்கள்? அதை அனுப்பிய விரல் யாருடையது? இன்னொன்றும் சொல்கிறேன். ஏதோ ஒரு ஊரில், கூடப் பிறந்த யாரோ ஒருவர் சொன்ன கணக்கில், நீங்கள் எப்போதோ செத்துப் போயிருக்கலாம். போய்ப் பாருங்கள். போன் வேண்டாம். ஆளாகப் போய் முன்னால் நின்று, வாங்குகிற திட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.